தகடு ஒட்டியும் விமானம் மிதக்கிறதா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்களிடம் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் (விமான இறக்கையின் மேல் ஒட்டும் சின்னத் தகடுகள்) வாங்கிய ஒருவர், "இறக்கை முழுக்க ஒட்டியாச்சு, இறங்கும்போது தரையைத் தொடாமல் முன்பைவிட அதிக தூரம் மிதக்கிறது, காசு தண்டம், பரிசோதிக்காமல் விற்கிறார்கள்" என்று எழுதியது உங்களில் பலருக்கும் வந்து சேர்ந்திருக்கும். போனை எடுத்தாலே இப்போது இந்தக் கேள்விதான், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அவர் சொன்னது பொய்யில்லை, மிதந்திருக்கும். தகடு ஒழுங்காக வேலை செய்வதால்தான் மிதந்தது. முன்விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்கும் அந்தச் சின்னத் தகடுகள் காற்றைச் சுழற்றிவிடுகின்றன, சுழன்ற காற்று மேல்பரப்பைப் பற்றிக்கொண்டே போகிறது, அதனால் மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கினாலும் ஸ்டால் ஆகாமல், அதாவது காற்று மேல்பரப்பை விட்டுப் பிரிந்து தூக்குவிசை விழாமல், இறக்கை தாங்கும். ஸ்டால் ஆகும் வேகம் 40 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால், பாதுகாப்புக்காக அதன் 1.3 மடங்கு, அதாவது 52 நாட் வேகத்தில் இறங்க வந்து பழகியிருப்பீர்கள். தகடு ஒட்டியபின் ஸ்டால் 36 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னமும் 52-லேயே வந்தால் வேகம் 36 பக்கம் இறங்கும்வரை இறக்கை விடாது, ரன்வே கீழே ஓடிக்கொண்டே இருக்கும். 47-இல் வந்து பாருங்கள், தரையில் கரைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைந்திருக்கும். அவரிடம் நானே பேசினேன், பழைய வேகத்தில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறார். இஞ்சின் ஐடிலும் (த்ராட்டிலை முழுக்க மூடிய பிறகும் இஞ்சின் சுற்றும் வேகம்) கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கிறது, அதுவும் மிதக்க வைக்கும்.

காசு தண்டம் என்றதைக்கூட விட்டுவிடலாம். "பரிசோதிக்காமல் விற்கிறார்கள்" என்றதுதான் தூங்க விடவில்லை. காற்று எங்கே பிரிகிறது என்று பார்க்க இறக்கை முழுக்க நூல் துண்டுகளை ஒட்டி, மேலே போய் ஸ்டால் செய்து, பின்விளிம்பில் நூல் முதலில் துடித்து அப்புறம் தலைகீழாகத் திரும்பி நிற்பதைத் தகடு இல்லாமலும் தகடோடும் படம் பிடித்து, அதற்குப் பிறகுதான் இடத்தை முடிவு செய்தோம். ஒரு வரிசையை நாலு தடவை பிய்த்து ஒட்டியிருக்கிறோம்.

இன்னொன்று. மூக்கு நன்றாகத் தூக்கியிருக்கும்போது பல விமானங்களில் ஏர்ஸ்பீடு மீட்டர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அசல் ஸ்டால் 36-ஆக இருக்க மீட்டர் 30 காட்டினால், அதை 1.3-ஆல் பெருக்கி 39-இல் இறங்கப் போவது ஆபத்து. நல்ல உயரத்தில், முழு எடையோடு ஸ்டால் செய்து, ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு, காற்றின் பங்கு கழியும்படி வெவ்வேறு திசைகளில் ஓட்டி மீட்டரின் பிழையைத் திருத்திய பிறகே பெருக்குங்கள். இறங்கும் வேகத்தையும் ஒரேயடியாக வெட்டாமல் ஒவ்வொரு நாட் அளவாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். காற்று விட்டுவிட்டுப் பலமாக அடிக்கிற நாளில் அதற்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளுங்கள். பழைய செய்முறைத் தாளில் மீட்டர் திருத்தம் பற்றிய வரி விடுபட்டிருந்தது, புதிய தாள் எல்லோருக்கும் வருகிறது.

ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்து, ஒவ்வொரு பறப்பையும் குறித்து அனுப்பிய உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அந்தக் குறிப்புகள் இல்லாமல் இந்தத் தகடே இல்லை. மிதக்கிறது என்கிறவர்கள் தகட்டைப் பிய்ப்பதற்கு முன் எடை, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) எவ்வளவு இறக்கியிருந்தது, ஐடில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஸ்டாலில் மீட்டர் காட்டியது, இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடுவோம்.