ஞாயிறு மாலை ஐந்தரை மணி ஆராதனை

அன்புள்ள கிரேஸ்,

கர்த்தருடைய கிருபையால் இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஆனால் மூட்டு வலிக்குக் கொடுத்த புது மாத்திரை ஒத்துக்கொண்டதா என்பதை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். என் வீட்டுச் செய்தி சின்னதுதான்: மகன் பதிவு செய்து காத்திருந்த பொங்கோல் பிடிஓ அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. மருமகளுக்குச் சமையலறை ஓடு பிடிக்கவில்லை. அவர்கள் பாடு.

நம் சபையில் தமிழ் ஆராதனையை நிறுத்தப் போகிறார்களாமே என்று கேட்டிருந்தாய். உனக்கு யார் சொன்னார்களோ, பாதி உண்மை. போன வருடம் அந்தப் பேச்சு வந்தது. காலை ஆராதனையில் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான் உட்கார்ந்திருந்தோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் நண்பர்களோடு பெரிய ஆங்கிலச் சபைகளுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ் அவர்களுக்குத் தேர்வு எழுதும் பாடம், ஜெபிப்பதெல்லாம் ஆங்கிலத்தில். இருபது வருடமாக நாம் பார்த்துக்கொண்டிருந்ததுதானே.

அந்தச் சமயத்தில்தான் போதகர் ஒரு யோசனையைக் கமிட்டியில் வைத்தார். வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஞாயிறு மாலையில் ஓர் ஆராதனை, பிறகு சாப்பாடு. துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கத்து விடுதிகளில் தூத்துக்குடி, நாகர்கோவில், திருநெல்வேலிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நாம் கிறிஸ்துமஸுக்குப் பரிசுப் பை கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்றார்.

நீ அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும்! பொருளாளர் கூரை நிதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரவு கேட்டை யார் பூட்டுவது என்று ஒருவர். கழிப்பறை போதுமா என்று இன்னொருவர். கடைசியாக ஒருவர், மதம் மாற்றுவதாகப் பேச்சு வராதா என்று கேட்டார். என்னைக் கேட்டால் அன்றைக்கு வந்த கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்த ஊர் இது. சட்டம் இருக்கட்டும், அக்கம்பக்கத்தார் மனம் கோணக்கூடாது, அதுவும் வேலைக்காகக் கடன் வாங்கி வந்த ஒருவனிடம் சோற்றைக் காட்டிச் சமயம் பேசுவது அசிங்கம். அதனால் அன்றே தீர்மானம் எழுதிக்கொண்டோம்: சாப்பாடு யார் வந்தாலும் உண்டு, ஆராதனைக்கு வரவேண்டும் என்று இல்லை, அவர்களாகக் கேட்டால் ஒழியத் துண்டுப் பிரசுரம் கிடையாது.

நானும் பேசினேன். ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்குக் கூட்டிப் போவேனே, அந்தக் கதையை எடுத்தேன். 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் பிரதிஷ்டை செய்த கட்டடம். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அந்த வெள்ளைச் சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணம்: கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் போட்டுப் பசையாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலக்கி, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். அவ்வளவு வேலை செய்த கைகளில் எத்தனை அந்த வாசலுக்குள் ஜெபிக்கக் குவிந்திருக்கும் என்று கேட்டேன். இன்றைக்கு எம்ஆர்டி ரயில் சுரங்கமும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கும் கட்டுகிறவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள், அவர்களுக்கு நாம் என்ன வாசல் வைத்திருக்கிறோம் என்றும் கேட்டேன். பொருளாளர் பதில் சொல்லவில்லை, ஆனால் கூரை நிதிக் கோப்பை மூடினார்.

இதற்கெல்லாம் அடியில் 2020 இருந்தது, கிரேஸ். அந்த ஏப்ரலில் கோவிட் பரவியதால் விடுதிகளை அடைத்தார்கள். நாம் வீட்டில் ஸூமில் ஜெபக்கூட்டம் வைத்துக்கொண்டிருந்தோம், அவர்கள் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக உள்ளே இருந்தார்கள். அந்த டிசம்பரில் மனிதவள அமைச்சு சொன்ன கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நம் ஜெபக் குறிப்பில் அவர்கள் ஒரு வரியாக இருந்தார்கள். பலருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

சரி, தொடங்கினோம். முதலில் நான்கு மணிக்கு வைத்தோம். நாற்காலிகள் அதிகம், ஆட்கள் குறைவு. விசாரித்தால், ஞாயிறும் பலருக்கு அரை நாள் வேலை, ஓவர்டைம் கிடைத்தால் யாரும் விட மாட்டார்கள். லாரி விடுதியில் இறக்கிவிட்ட பிறகு குளித்து, துவைத்து, லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்கு வந்து ஊருக்குப் பணம் அனுப்பி, பிள்ளையை வீடியோவில் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு ஞாயிறே தொடங்குகிறது. ஐந்தரைக்கு மாற்றினோம். சாப்பாட்டையும் மாற்றினோம். நம் வழக்கப்படி பீஹூன் என்ற அரிசிச் சேமியாவும் கேக்கும் வைத்திருந்தோம், மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். சோறு, ரசம், கருவாட்டுக் குழம்பு என்று மாறிய அன்றைக்கு ஒருவன் மூன்று முறை வந்து வரிசையில் நின்றான். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு தேக்காவில் கூட்டம் அதிகம், நம்மிடம் கொஞ்சம் குறையும். அதற்கேற்ப உலை வைக்கக் கற்றுக்கொண்டோம்.

பாட்டில் ஒரு சண்டை வந்தது, சொல்லாமல் விட்டால் உனக்குக் கோபம் வரும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளுக்குப் பாமாலையும் கீர்த்தனையும் வேண்டும், அதுவும் எல்லாச் சரணமும். பெந்தெகொஸ்தே பிள்ளைகளுக்குத் தாளமும் கைத்தட்டலும் வேண்டும். நம் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது பாதி அது, பாதி இது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் புத்தகத்தைப் பார்த்துத் தடவித் தடவிப் பாடும் கீர்த்தனைகளை அவர்கள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். காலையில் வரும் கிழங்கள் மாலையிலும் வர ஆரம்பித்துவிட்டோம். என் தம்பி பேரன் கீபோர்டு வாசிக்கிறான், பாட்டைக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு.

அப்புறம், கையில் அடிபட்ட ஒரு பையன் வந்தான். விபத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று முதலாளி தரப்பில் சொல்லியிருந்தார்களாம். நம் சபையில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறாரே, அவர் உட்காரவைத்து விளக்கினார்: வேலையில் காயம்பட்டால் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும், மனிதவள அமைச்சிடம் நேரடியாகவே போகலாம். போனான். இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவர் மேசை போட்டு உட்காருகிறார். அதற்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஆராதனைக்கு வருவதில்லை, வரச்சொல்லி யாரும் கேட்பதுமில்லை.

போதகர் ஒரு ஞாயிறு இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அறுப்புக்காலத்தில் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது, உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால் தண்ணீரில் பட்ட பிறகே தண்ணீர் நிற்கிறது. நம் கமிட்டியாக இருந்தால் ஆழம் பார்க்க முதலில் ஒரு துணைக்குழு போட்டிருக்கும் என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தேன், அவர் சிரிப்பை அடக்க இருமினார். ஆனால் எனக்கு அது உண்மையாகவே பட்டது. தொடங்கும்போது எங்களிடம் பெரிய விசுவாசம் ஒன்றும் இருக்கவில்லை. பயம் இருந்தது, ஒரு சட்டி ரசம் இருந்தது. மற்றது வாராவாரம் வந்து சேர்ந்தது.

எல்லாம் நன்றாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. கூரை இன்னும் ஒழுகுகிறது. மாலைச் செலவு பிடிக்காமல் இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது, வழியில் பார்த்தால் பேசுகிறோம். இதைவிடக் கஷ்டம் ஒன்று: இவர்கள் தங்க வந்தவர்கள் இல்லை. வேலை அனுமதி முடிந்தால் விமானம். பாடகர் குழுவில் நல்ல குரல் ஒன்று கிடைத்தது என்று மகிழ்ந்திருந்தோம், தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டான். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெயர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, இந்த வயதில்!

டிசம்பரில் பிள்ளைகள் அசனம், அதாவது சபை விருந்து, வைக்கப் போகிறார்கள், நெல்லைப் பக்கத்துப் பாணியில், சமையல் முழுக்க அவர்களுடையது. பாத்திரம் வாடகைக்கு எடுக்கப் பொருளாளரே அலைகிறார், நம்புவாயா? உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். உன் அப்பாவின் ஆர்மோனியம் தெம்பனிஸில் உன் தம்பி வீட்டில்தானே இருக்கிறது? யாரும் வாசிக்கவில்லை என்றால் சபைக்குக் கொடுக்கச் சொல். துருத்தி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய அனுமதி பிப்ரவரி வரைதான், அதனால் தம்பியிடம் இந்த வாரமே பேசு.

அன்புடன்,
மேரி