கறுப்பு எபாக்ஸி வேண்டாம்

கோவையில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு மின்னணு போர்டு வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பல்லடத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் பீளமேட்டில் மோட்டார் செய்து காட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் நீங்கள் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

சென்ற வாரம் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் செல்போனில் மோட்டாரை ஓட்டும் பெட்டியைக் கொண்டுவந்தார். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. திறந்தால், தார் ஊற்றியதுபோல் போர்டு முழுவதும் கறுப்பு எபாக்ஸி, கல்லாய் இறுகிவிடும் பிசின். சூடுகாட்டிச் சுரண்டவே ஒரு மத்தியானம் போய்விட்டது. உள்ளே கெட்டிருந்தது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரே ஒரு கெப்பாசிட்டர், தலை உப்பி நின்றது. சில ரூபாய்ச் சாமான். ஆனால் சுரண்டியதில் பக்கத்துச் செம்புத் தடங்களும் பிய்ந்து வந்துவிட்டன. ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், சிம் பகுதி எல்லாம் நன்றாக இருந்தும் போர்டு குப்பைக்குப் போனது.

ஏன் ஊற்றுகிறீர்கள் என்பது தெரியும். மோட்டார் ரூமில் ஈரம், எறும்பு, பல்லி. கருகிய பல்லியை எத்தனையோ பெட்டிகளிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு மெல்லிய அக்ரிலிக் பூச்சும், ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான மூடியும் போதும். அந்தப் பூச்சு, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் முனை பட்டதும் விலகிக்கொடுக்கும். கெப்பாசிட்டரைச் சூடாகும் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி வைக்காதீர்கள். 10 டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே உள்ளது.

அதே மாடல் பெட்டி ஒன்றை மேசையில் மீட்டரோடு இணைத்துப் பார்த்தேன். மோட்டார் ஓடாமல் சும்மா நிற்கும்போதே 5 வாட் இழுக்கிறது. வருடம் முழுக்க லைனில் நின்றால் ஏறக்குறைய 44 யூனிட். தோட்டத்து மின்சாரம் இலவசம். இது எந்த பில்லிலும் வராது, விவசாயியும் கேட்கமாட்டார். எங்கோ நிலக்கரி மட்டும் எரிகிறது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காமல் போர்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்., வேலையில்லாத நேரத்தில் தூங்கும் மைக்ரோகன்ட்ரோலர் (போர்டை இயக்கும் சின்னச் சிப்) என்று போட்டால் இதில் பெரும்பகுதி மிச்சம்.

குப்பைக்குப் போன போர்டைச் செம்புக்காகப் பழைய இரும்புக் கடைப் பக்கம் எரிக்கிறார்கள். பாகங்களைப் பற்றவைக்கும் 60:40 சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். சாம்பல் மழையில் ஓடைக்கு இறங்குகிறது. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் கண்ணால் பார்த்தவர்கள் நாம். ஈயமில்லாத சால்டருக்குச் சூடு கூடுதலாக வேண்டும்தான், அதற்குப் பழகிக்கொள்கிறோம்.

அடுத்த மாடலை உற்பத்திக்கு விடும் முன் ஒரு போர்டை எங்களைப் போன்ற பட்டறைக்குக் கொடுங்கள். எது கழற்ற வரவில்லை, எந்த இடத்தில் கை நுழையவில்லை என்று ஒரே நாளில் எழுதித் தருகிறோம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவன், பல்லடம்