மாடிக்குச் சிமெண்ட் வேண்டாம்

சேன் போல், ரீயூனியன் தீவு

அன்பு நண்பா,

நலம்தானே? புதுச்சேரியில் உன் தாத்தா வீட்டு மாடி ஒழுகுவதையும், மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதையும் எழுதியிருந்தாய். அவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

இங்கே வில்லேலில் தெபாசேன் குடும்பத்து மாளிகை இருக்கிறது. 1788இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். தூண் வைத்த தாழ்வாரமும் ஓடில்லாத மொட்டை மாடியுமாக, பார்த்தால் உங்கள் ஊர் வீடேதான். (1848 வரை அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டம் அது. அழகை மட்டும் பேசிவிட்டுப் போக மனம் வரவில்லை.) அந்த மாடித்தளத்துக்கு இங்கே அர்கமாஸ் என்று பெயர். உன் வீட்டு மாடியில் இருக்கும் சுண்ணாம்புத் தளமான மெட்ராஸ் டெரஸும் இதுவும் ஒரே குடும்பம். இந்தத் தீவில் அந்தக் காலத்தில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று பவளத்தில் கை வைக்க முடியாது, மூட்டைச் சுண்ணாம்புதான்.

உன் தளத்தைத் தோண்டினால் என்ன இருக்கும்? தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மூலைவாட்டில் குத்தி நிறுத்திய சின்னச் செங்கல். அதற்கு மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி: இரண்டரைப் பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாலைந்து நாள் மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்கிற கட்டை பதியாமல் எம்பி வந்தால் தளம் இறுகிவிட்டது. முடிவில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு பதிக்க வேண்டும். தண்ணீர் வடிய வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம்.

வெயிலில் இந்தத் தளம் கொஞ்சம் அசையும், நனைந்தால் மூச்சுவிட்டுக் காயும். சிமெண்ட் அசையாது. ஒரு கோடையிலேயே முடி போல விரிசல் விடும். அதன் வழியே இறங்கிய நீர் மேலே போக வழியில்லாமல் கட்டைக்குள் போகும். முதலில் மக்குவது சுவருக்குள் புதைந்த கட்டை முனை. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆகவே முதலில் ஒவ்வொரு கட்டையையும் சுவரோரம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். அரை அங்குலம் இறங்கினால் அந்தக் கட்டையை மாற்று. மாற்றும்போது முனையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடு, காற்றுப் படட்டும். பிறகு மேலே ஏறித் தட்டோட்டைத் தட்டிப் பார். டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தை மட்டும் பெயர்த்தால் போதும். விரிசலை வாய் அகலமாக வெட்டி, நன்றாக நனைத்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) அடைத்துப் பத்து நாள் ஈரச்சாக்கு போடு. அரசஞ்செடி முளைத்திருந்தால் பிடுங்காதே, வேரோடு ஜல்லியும் வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகடி.

ஐப்பசி மழைக்கு முன் அவசரப்பட்டுத் தொடங்காதே. இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டு, தை பிறந்ததும் வேலையை வை. கட்டை முனைகளைப் படம் பிடித்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்