ராடார் அணைவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரஷ்யாவின் கிராசுகா-4 ஜாமர் லாரியைப் பற்றி, அதாவது இரைச்சல் அலையை அனுப்பி எதிரி ராடாரைக் குழப்பும் கருவியைப் பற்றி, வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், 300 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எதிரி ராடார்கள் அத்தனையும் செயலிழந்துவிடும்" என்ற வரியைத் தாண்டி மனம் நகரவில்லை. நான் 11 வருடம் ராடார் கேபினில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன். என் பேத்தி அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, "தாத்தா, அப்போ ஒரு லாரி வந்தா உங்க வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. அச்சில் வந்ததை நம்பிக் கேட்டாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஜாமிங் செய்தால் ராடார் அணைவதில்லை, ஐயா. அது பாட்டுக்கு அலையை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். விமானத்தில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி மிக மெலிசானது. அதே அலைவரிசையில் ஜாமர் இரைச்சலைக் கொட்டும்போது அந்த எதிரொலி அதற்குள் அமுங்கிப்போகிறது. எங்கள் திரையில் அது எப்படித் தெரியும் தெரியுமா? நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும், ஜாமர் இருக்கும் திசையில், விசிறி விரித்தது போல ஒரு வெளிச்சப் பட்டை. மற்ற திசைகளில் விமானங்கள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஜாமர் ரொம்பப் பலமாக இருந்தால் ஆன்டெனாவின் பக்கவாட்டிலும் புகுந்து திரை முழுக்க வெளுத்துவிடும், அதை மறுக்கவில்லை. நானே பார்த்திருக்கிறேன்.

முதன்முதலாக அப்படி வெளுத்தது ஒரு பயிற்சி இரவில். ராடார்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து அணைக்கப் போனேன். பக்கத்தில் இருந்த சீனியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அணைச்சா அவன் ஜெயிச்சான். கெயினைக் குறை, பட்டை எந்தத் திசையில இருக்கு பார், எழுது" என்றார். கெயினை, அதாவது வந்து சேரும் அலையைப் பெருக்கிக் காட்டும் அளவை, குறைத்ததும் வெளுப்பு வடிந்து பட்டை மட்டும் நின்றது. மெழுகுப் பென்சிலால் பலகையில் ஒரு கோடு போட்டேன். பக்கத்து நிலையத்திலிருந்து போனில் அவர்களுடைய கோணத்தைச் சொன்னார்கள், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் ஜாமர். ஒளிய வேண்டியவன் கூச்சல் போட்டால் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிடுமே, அதுதான் விஷயம். ஜாமரின் அலையையே வழிகாட்டியாக வைத்துப் போய் அடிக்கிற ஏவுகணைகளும் இருக்கின்றன. அதனால்தான் அதை லாரியில் வைக்கிறார்கள்: வேலையை முடித்துவிட்டு உடனே இடம் மாற வேண்டும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2022 மார்ச்சில் உக்ரைன் தலைநகர் கீவ் அருகே கிராசுகா-4-இன் கட்டுப்பாட்டுப் பெட்டி கைவிடப்பட்டுக் கிடந்த படம் உலகம் முழுக்க வந்ததே, அதுவும் இல்லை.

அப்புறம் அந்த 300. சுற்றளவு என்றால் வட்டத்தின் விளிம்பு நீளம். 300 கிலோமீட்டர் சுற்றளவு என்றால் மையத்திலிருந்து 48 கிலோமீட்டர்கூட வராது. நீங்கள் சொல்ல வந்தது ஆரம். சரி, ஆரம் என்றே வைத்துக்கொள்வோம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கும் தரையில் நிற்கும் லாரிக்கும் நடுவே 300 கிலோமீட்டரிலும் மறைப்பு வராது. அதே விமானம் 100 மீட்டர் உயரத்தில் வந்தால், லாரியில் 10 மீட்டர் கம்பம் இருந்தாலும் சுமார் 55 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் பார்வைக்கோடு கிடைக்கும். தரையில் நிற்கும் ராடார் என்றால் இன்னும் குறைவு. கிராசுகா போன்றவை முக்கியமாக விமானத்தில் இருந்து பார்க்கும் ராடார்களிடமிருந்து தன் தரப்பு இடங்களை மறைப்பதற்குத்தான். அது ஒரு திரைச்சீலை. நீங்கள் அதை எதிரி நாட்டு ராடார் எல்லாவற்றையும் அடிக்கிற சம்மட்டியாக எழுதி, வரைபடத்தில் சிவப்பு வட்டமும் போட்டுவிட்டீர்கள்.

தூரம் குறையக் குறைய என்ன ஆகும் என்பதையும் யாரும் எழுதுவதில்லை. ராடார் அலை போய்த் திரும்ப வேண்டும், ஜாமர் அலை ஒருவழி வந்தால் போதும். அதனால் தொலைவில் ஜாமரின் கை ஓங்கும். விமானம் கிட்டே வரவர எதிரொலி வேகமாக வலுக்கும், ஒரு கட்டத்தில் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு புள்ளி தெரிந்துவிடும். அந்தப் புள்ளிக்காகக் கண் இமைக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் வேலை.

இந்த விளையாட்டு பழையது. 1942 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து தங்கள் போர்க்கப்பல்களை ஆங்கிலக் கால்வாய் வழியாகக் கொண்டுபோனபோது, கரையோர பிரிட்டிஷ் ராடார்களைத் திடீரென்று ஜாம் செய்யவில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலைக் கூட்டினார்கள். வானிலைக் கோளாறு என்றே திரை முன் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அங்கே ஏமாந்தது மனிதன், ராடார் அணையவில்லை. திரை முன் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதையே உங்கள் கட்டுரை மறந்துவிட்டது. என் வருத்தம் அதுதான்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு இதழில் ஏவுகணை லாரியின் படத்துக்குக் கீழே ஜாமர் என்று போட்டிருந்தீர்கள். எழுதினேன், பதில் இல்லை. இன்னொரு முறை, ஸ்டெல்த் விமானம் எந்த ராடாரிலும் தெரியவே தெரியாது என்று வந்தது. அதற்கும் எழுதினேன். குண்டு போட்டு அழித்தாலும் "முடக்கியது", இரைச்சல் போட்டு மறைத்தாலும் "முடக்கியது", கேபிளை அறுத்தாலும் "முடக்கியது". விஷயம் தெரிந்த பத்திரிகை உங்களுடையது என்பதால்தான் இத்தனை வருடமாக வாங்குகிறேன், அதனால்தான் இத்தனை வலிக்கிறது.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். "சுற்றளவு" என்பதை "ஆரம்" என்று மாற்றுங்கள். "செயலிழந்துவிடும்" என்பதற்குப் பதிலாக "ஜாமர் இருக்கும் திசையில் பார்வை மங்கும்" என்று போடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் வந்தாலும் போதும். பேத்திக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ராடார் இயக்குநர்