"பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" – அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களே,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற செவிலியர். பணிக்காலத்தின் பெரும்பகுதியை அறுவைச் சிகிச்சை வார்டிலும் பிரசவ வார்டிலும் கழித்தவள். பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் பதவிப் பெயர்கள் நோயாளியின் நம்பிக்கையை என்ன செய்கின்றன என்பதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022 ஜனவரியில் அரியலூர், விருதுநகர், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம் உள்பட 11 மாவட்டங்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அங்கே முதலில் சேர்ந்த பிள்ளைகள் நாலரை ஆண்டுப் படிப்பை முடித்து, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சிக்காக ஹவுஸ் சர்ஜன்களாக வார்டுக்குள் வரும் காலம் இது. தலைமை மருத்துவமனையில் ட்யூட்டி டாக்டர் ஒருவரை மட்டும் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள், இனி ஒரு கட்டிலைச் சுற்றி ஏழெட்டு வெள்ளைக் கோட்டுகளைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு யார் யாரென்று சொல்லப்போவது யார்?

யூனிட்டின் தலைமை மருத்துவரான சீஃப், உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை படிக்கும் பிஜிக்கள், ஹவுஸ் சர்ஜன்கள் என்ற வரிசை நமக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கட்டிலில் கிடப்பவருக்கு உள்ளவை இரண்டே பதவிகள்: பெரிய டாக்டர், சின்ன டாக்டர். ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஊசி போட்டு, கட்டுக் கட்டி, ரத்தத்துக்கு ஓடிய பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "பெரிய டாக்டர் எப்ப வருவாரு சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்பார்கள்.

'பயிற்சி மருத்துவர்' என்ற பெயர் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை, கூட்டுகிறது. ஹவுஸ் சர்ஜன் மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவில் இருப்பவர். இறப்புச் சான்றிதழிலோ போலீஸ் கேஸ் ஆவணத்திலோ அவர் தனியாகக் கையெழுத்திட முடியாது. பிஜி அப்படியல்ல. எம்.பி.பி.எஸ்ஸும் பயிற்சி ஆண்டும் முடித்து, முழுப் பதிவு பெற்று, அதற்கு மேல் மூன்றாண்டுப் படிப்புக்கு வந்த மருத்துவர். இருவருக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்டவர் நுரையீரல் மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருந்தவர். நம் செய்திகள் 'பயிற்சி மருத்துவர்' என்றதும், அவரைக் கல்லூரி மாணவி என்றே எங்கள் தெருவில் பலர் புரிந்துகொண்டார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது அரசுப் பணியிலிருந்து மேற்படிப்புக்கு வருகிறவர்களின் நிலை. மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசு மருத்துவர்களுக்கு என்பது தமிழ்நாட்டின் பழைய ஏற்பாடு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டென்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்தது. இப்படி வருகிறவர்கள் மலையூர்களிலும் கடைக்கோடிக் கிராமங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாங்கி நடத்தியவர்கள். நள்ளிரவில் பிரசவம் பார்த்தவர்கள். பாம்புக்கடிக்கு மருந்தேற்றி, உயிரைப் பிடித்து நிறுத்தி, 108இல் ஏற்றி அனுப்பியவர்கள். அந்த ஊருக்கு அவர் 'டாக்டரம்மா'. மகப்பேறு மருத்துவம் படிக்க உங்களிடம் வந்த மறுநாளே அவர் கோட்டில் 'முதுநிலை மாணவர்' என்ற அட்டை ஏறுகிறது.

நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில், கர்ப்பிணியின் மாமியார் அந்த அட்டையைப் படித்துவிட்டு, "படிக்கிற புள்ளைகிட்ட எம் மருமகள விடமாட்டேன், பெரியம்மாவக் கூப்பிடுங்க" என்று மறித்துக்கொண்டு நின்றார். உதவிப் பேராசிரியர் தியேட்டரில் வேறொரு சிசேரியனில் இருந்தார். இந்த மருத்துவர் கோபப்படவில்லை. "அம்மா, நான் இங்க வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் கிராமத்து ஆஸ்பத்திரில பிரசவம் பாத்தவ. மேடம் உள்ள ஆபரேஷன்ல இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் இதைச் செய்யறேன்" என்றார். மாமியார் விலகினார், மருமகள் கையெழுத்துப் போட்டாள். அட்டை சொல்லாமல் விட்டதை அவரே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் நாங்கள் இழந்த நிமிடங்கள் சாதாரண நிமிடங்கள் அல்ல.

அப்படியானால் எல்லோரையும் வெறும் 'டாக்டர்' என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். அதன் விளைவையும் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயால் கால் அழுகி வந்த ஒரு பெரியவரின் மகன்களுக்கு, இரவில் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் ஆறுதலாக, "கால எடுக்க வேண்டியிருக்காது" என்று சொல்லிவிட்டார். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அது அவருக்கு முதல் வாரம். காலை ரவுண்ட்ஸில் சீஃப், எடுத்தே ஆக வேண்டும் என்றார். "ராத்திரி டாக்டர் வேற மாதிரி சொன்னாரே" என்று மகன்கள் விசாரிக்கப் போய், அவர் யாரென்று தெரிந்ததும் அவரை மட்டுமல்ல, சீஃப்பையும் நம்ப மறுத்தார்கள். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது சீழ் முழங்காலைத் தாண்டியிருந்தது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. தான் எந்தப் படியில் நிற்பவன், எதைச் சொல்லத் தனக்கு மேலிருப்பவரைக் கேட்க வேண்டும் என்பதை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

பெண் மருத்துவர்களுக்கு இன்னொரு தொல்லை. எந்த அட்டை இருந்தாலும் அவர்கள் 'சிஸ்டர்'தான். அந்தப் பெயரைப் பெருமையோடு சுமந்தவள் நான். அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மருந்து எழுதி, விவரம் சொல்லிவிட்டுப் போனது மருத்துவர் என்றே தெரியாமல், "இன்னிக்கு டாக்டரே வந்து பாக்கல" என்று ஒரு நோயாளி குமுறினால், அது அவருக்கும் நல்லதல்ல, சிகிச்சைக்கும் நல்லதல்ல.

பிரிட்டனில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரையும் 'ஜூனியர் டாக்டர்' என்றே அழைத்துவந்தார்கள். 2024 செப்டம்பர் 18 முதல் அந்தப் பெயரை 'ரெசிடென்ட் டாக்டர்' என்று மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்தான். என்றாலும் முதலாண்டுக்காரரும் பத்தாம் ஆண்டுக்காரரும் இன்னும் ஒரே பெயருக்குள்தான் இருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே பாருங்கள்: மேற்படிப்பில் இருக்கும் ஒருவர் புதுச்சேரி ஜிப்மரில் 'ஜூனியர் ரெசிடென்ட்', விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் முண்டியம்பாக்கத்தில் 'பிஜி'. இரண்டு இடத்துக்கும் அலையும் விழுப்புரத்துக்காரருக்கு இரண்டுமே விளங்காது. அதே பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்ற முதியோர் நல மருத்துவர் செய்தது எனக்கு அதிகம் பிடித்தது. தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, வந்துபோகிறவர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்பதைக் கண்டு, 2013இல் "ஹலோ, என் பெயர்..." என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் அவர் மறைந்த பிறகும் அது தொடர்கிறது.

உங்களிடம் நான் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. அட்டையில் தமிழில், பெரிய எழுத்தில், பெயரும் படிநிலையும் இருக்கட்டும். ஹவுஸ் சர்ஜனைக் குறிக்கும் 'சி.ஆர்.ஆர்.ஐ.' என்ற சுருக்கம் எந்த நோயாளிக்கும் எதையும் சொல்வதில்லை. 'ஹவுஸ் சர்ஜன்' என்றாலாவது தெரியும். முழுப் பதிவு பெற்றவரின் அட்டையிலிருந்து 'மாணவர்' என்பதை எடுத்துவிட்டு, 'மருத்துவர், எலும்பு முறிவுச் சிகிச்சை மேற்படிப்பு, 3ஆம் ஆண்டு' என்று எழுதுங்கள். வார்டு வாசலில், அன்றைய இரவுப் பொறுப்பில் இருக்கும் உதவிப் பேராசிரியரின் பெயரை எழுதி வையுங்கள். சிகிச்சை தருபவர் யார், அவருடைய தொழில்நிலை என்ன, தனக்கு முதன்மைப் பொறுப்பான மருத்துவர் யார் என்று அறியும் உரிமை நோயாளிக்கு உண்டென்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயம் சொல்கிறது. இதைக் கேட்டு வாங்க நோயாளிக்குத் தெரியாது. நீங்கள்தான் தர வேண்டும்.

உண்மையைச் சொன்னால் நோயாளிகள் மறுத்துவிடுவார்கள் என்ற பயம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். சிலர் மறுப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் நான் பார்த்தவரை, மக்கள் பயப்படுவது இளம் வயதைக் கண்டு அல்ல, இந்தப் பிள்ளைக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்பது தெரியாமல்தான்.

அதனால் புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களின் முதல் நாளிலேயே மூன்று வாக்கியங்களைச் சொல்லிப் பழக்குங்கள்: என் பெயர் இது, நான் இந்த நிலையில் இருக்கிறேன், எனக்கு மேலே இன்னார் இருக்கிறார். வெளிமாநிலத்திலிருந்து வந்து தமிழ் தெரியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு அவற்றை அவர்கள் எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள். உச்சரிப்பை வார்டுச் செவிலியர்கள் சரிசெய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்