பெயர் போடாத ஒரு நன்றி மடல்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

நன்றி மடல் என்றால் முதலில் பிரமுகர்கள், அப்புறம் பணம் தந்தவர்கள், கடைசியில் "மற்றும் அனைவருக்கும்" என்று முடிப்பது வழக்கம். அந்த "மற்றும்" என்ற சொல்லுக்குள் அடைபட்டுப் போகிறவர்களிடமிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தோம். பெயர்கள் இருக்காது. பாதிப் பேர் "என்ட பெயரைப் போட்டுடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளின் பெயரை நாங்களே போடமாட்டோம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கீழே வரும்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாங்கள் பன்னிரண்டு பேர். அலுவலகம், பெயர்ப் பலகை ஒன்றும் கிடையாது. ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரின் முன் ஹோலில் கிழமைக்கு நான்கு நாள் மாலை வகுப்பு நடக்கிறது. வகுப்பு ஒரு சாட்டுத்தான். பள்ளிக்கூடமே போகாத பிள்ளை யார், பாதியில் நின்ற பிள்ளை யார் என்று தேடி, இடாப்பில் பெயர் ஏறும்வரை பின்னால் அலைவதுதான் உண்மையான வேலை.

2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்திருந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு இறந்துபோனபோது ஊரே பேசியது. நாங்களும் பேசினோம். ஒரு நாள் ரீச்சர், "அது சரி, நம்மட ஒழுங்கைக்குள்ள எத்தனை பிள்ளை பள்ளிக்கூடம் போகாம இருக்கென்று யாராவது எண்ணினீங்களா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணப் போனோம். மத்தியானத்துக்குள் ஏழு பேர். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டோம்.

இந்த வேலையில் இறங்கும்வரை எங்களுக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் காகிதம். இலவசக் கல்வி 1945 இல் வந்தது. பாடப் புத்தகம் 1980 இலிருந்து, சீருடைத் துணி 1993 இலிருந்து இலவசம். 2016 இல் கட்டாயக் கல்வி வயதை 5 முதல் 16 வரை என்று உயர்த்தினார்கள். எல்லாம் நல்லதுதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையோ இவை எல்லாவற்றுக்கும் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

ஆகவே முதல் நன்றி, சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் அண்ணாவுக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல். ஒவ்வொரு காகிதத்திலும் மூன்று பிரதி. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் நான்காவது பிரதி கேட்பார்கள். அண்ணா ஒரு கடன் கொப்பியில் "ரீச்சர் வீடு" என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஒரு நாளும் கேட்டதில்லை. அவரிடம் கடைசியில் திரும்ப வருகிறேன்.

போன வருடம் எங்களிடம் வந்த ஒன்பது வயதுப் பையனைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நன்றிக்குரியவர்களில் பாதிப் பேர் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மா ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்காரி. கைக்குழந்தையோடு கொழும்புக்கு வந்து, வீடுகளில் துணி தோய்த்துப் பிழைக்கிறார். பிறப்பைப் பதியவில்லை. சட்டப்படி 42 நாட்களுக்குள் பதியவேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. அதற்குப் பிரகடனம், சாட்சி, கிராம சேவகரின் அறிக்கை என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வரும். அந்த அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒரு பள்ளிக்கூடம் மூன்று தரம் திருப்பி அனுப்பியது. மூன்றாம் தரம் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே வேண்டாம்.

சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போட்ட சமாதான நீதவான் தாத்தாவுக்கு நன்றி. காசு நீட்டினோம். "இதுக்கும் காசு வாங்கினா நான் எங்க போய்ச் சேருவன்?" என்று திட்டிவிட்டு, எங்கள் வாக்கியத்தில் இரண்டு எழுத்துப்பிழையையும் திருத்தித் தந்தார். அம்மாவின் வாடகை அறைக்கு நடந்தே வந்து பார்த்துக் கடிதம் தந்த கிராம சேவகருக்கும் நன்றி. வருவார் என்று நாங்கள் நம்பவில்லை. அதற்காக மன்னிப்பும்.

பதிவு, பிறந்த இடத்தில்தான். விடிய முன்னம் மூன்றரைக்கு ஓட்டோ ஓட்டும் தம்பி வந்து, அம்மா, பையன், நான், மூன்று பேரையும் புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். மீட்டர் போடவில்லை. "இது ரீச்சர் வீட்டு ஹயர்" என்றார், அப்படி ஒரு கட்டணம் இருப்பதுபோல. பையன் ஹட்டன்வரை ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

தோட்ட ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார காலத்து அலுமாரி ஒன்று. அங்கே வேலை செய்யும் ஒரு அக்கா, முட்டிபோட்டு உட்கார்ந்து பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கரையான் அரித்த ஒரு புத்தகத்தில் அந்த வரி இருந்தது: தாயின் பெயர், ஆண் குழந்தை, 2.4 கிலோ. அக்கா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். வாசிக்கத் தெரியாத அம்மா அக்காவின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பையன், "ரெண்டு புள்ளி நாலு என்டா பெரிசா சின்னனா?" என்று கேட்டான். சின்னன்தான் என்றோம். கொஞ்சம் ஏமாற்றம்.

பிரதேச செயலகத்தில் அடுத்த சிக்கல். பையனின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. சிங்களத்தில் அந்த எழுத்து இல்லை, ஆங்கிலத்தில் எழுதினால் ஆளுக்கு ஒரு விதம். கவுண்டரில் இருந்தவர் ஒரு சிங்களத் தங்கை. மற்ற எல்லா ஆவணத்திலும் அந்தப் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தவரே அவர்தான். இப்படியே பதிந்தால் நாளைக்கு அடையாள அட்டைக்கும் சோதனைக்கும் இழுபடும் என்று, தெரிந்த தமிழில் விளக்கினார். பிறகு ஒரு துண்டுக் கடதாசியை நீட்டி, "சரியா எழுதிக் காட்டுங்க" என்றார். நான் பேனையை எடுக்கமுன் பையன் எடுத்துவிட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு, ழகரத்தின் வாலை மட்டும் இரண்டு தரம் சுழித்து, தன் பெயரை எழுதிக் கொடுத்தான். ஒரு நாளும் பள்ளிக்கூட வகுப்பில் இருந்திராத பிள்ளை. ரீச்சர் வீட்டு ஹோலில் எட்டு மாதம் படித்த எழுத்து அது. அந்தத் தங்கை அதைப் பார்த்துப் பார்த்துத்தான் படிவத்தில் எழுதினார்.

தங்கச்சி, உங்கள் பெயரைக் கேட்க மறந்து வந்துவிட்டோம். உங்கள் மொழியிலேயே நன்றி சொல்கிறோம்: ஸ்துதியி.

சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் போயின. அதுவரை காத்திருக்காமல், "பிள்ளை வகுப்பில இருக்கட்டும், காகிதம் பின்னால வரட்டும்" என்று மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொண்ட அதிபருக்கு என்ன சொல்வது? அவர் சொன்ன அந்த ஒரு வரியை மற்ற அதிபர்களிடம் நாங்கள் இப்போது மேற்கோளாகவே சொல்லித் திரிகிறோம்.

இனி, எங்களைத் திட்டிய ஒருவருக்கு நன்றி. இந்தப் பையன் முதல் நாள் சீருடை போட்டு நின்ற படத்தை, சந்தோஷத்தில், கதையோடு சேர்த்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டோம். போட்டது நான்தான். அன்றிரவே வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். "அவன் பதினைந்து வயதில இதைப் பார்ப்பான். வகுப்புப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். உங்கட சந்தோஷத்துக்கு அவனை ஏன் காட்சிக்கு வைக்கிறீங்க?" என்றார். முதலில் கோபம்தான் வந்தது. படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. படத்தை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து முகமும் இல்லை, பெயரும் இல்லை. "ஆதாரப் படம்" கேட்கும் உதவியாளர்களுக்கும் இதுதான் பதில். அதனால் இரண்டு பேர் விலகிப் போனார்கள். சரி, போகட்டும்.

பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை வேலைக்கு அனுப்பவிருந்த குடும்பத்தோடு, கோபப்படாமல், மிரட்டாமல், இரண்டு மணித்தியாலம் இருந்து பேசிய சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு நன்றி. 2021 இல் வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக்கியதை அந்த வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. சட்டத்தைச் சொல்லிவிட்டு அப்படியே எழும்பிப் போகாமல், தகப்பனின் கடன் எவ்வளவு என்று அவர் கேட்டார். கதை அங்கேதான் திரும்பியது. பிள்ளை இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். மிச்சத்தை அவளே ஒரு நாள் சொல்லட்டும்.

1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தில், நள்ளிரவில் எங்கள் அழைப்பை எடுத்து, தமிழில், நிதானமாகப் பேசிய குரலுக்கும் நன்றி. எதற்காக எடுத்தோம் என்பது அந்தப் பிள்ளையோடு இருக்கட்டும்.

2022 ஐ மறக்கமுடியாது. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஹோலில் மெழுகுதிரி வெளிச்சத்தில் பெருக்கல் வாய்ப்பாடு. பிள்ளைகள் மத்தியானம் சாப்பிடாமல் வருவது, ஏழாம் வாய்ப்பாட்டில் ஒருவன் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு ஆச்சி, தேங்காய்ச் சொட்டுப் போட்டு அவித்த கடலை ஒரு சட்டி அனுப்பினார். கடலை விலை ஏறியபோது சட்டி சிறுத்தது, நிற்கவில்லை. இன்றுவரை வருகிறது. சில பிள்ளைகள் கடலைக்காகத்தான் வருகிறார்கள், எங்களுக்கு அது தெரியும், ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை கணக்குப் படிப்பிக்கும் கம்பஸ் தங்கச்சிமாருக்கும், பை தந்த புறக்கோட்டைக் கடைக்காரருக்கும், ரொறன்ரோவிலிருந்து மாதம் தவறாமல் பஸ் காசு அனுப்பும் அண்ணாமாருக்கும், வகுப்பு முடிந்ததும் ஹோலைக் கூட்டிக் கழுவிவிட்டுப் போகும் அம்மாமாருக்கும் நன்றி. ரீச்சருக்கு நன்றி சொன்னால் கோபப்படுவார், விடுகிறோம்.

கடைசியாக, போட்டோகொப்பி அண்ணா. போன கிழமை கணக்குத் தீர்க்கலாமென்று வந்தோம். உங்கள் கடன் கொப்பியில் "ரீச்சர் வீடு" பக்கத்தைக் காணோம். எலி கடித்துவிட்டது என்றீர்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி கடிக்கும் எலியை நாங்கள் கண்டதில்லை. எங்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது: 4,860 ரூபா. வருகிற சனிக்கிழமை பையன்தான் கொண்டுவருவான். அவனிடம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். காகிதத்தின் அருமை தெரிந்தவன், ரசீது வாங்காமல் நகரமாட்டான்.

அன்புடன்,
ரீச்சர் வீட்டு ஹோல்காரர் பன்னிரண்டு பேர்