படத்தின் மீதே தேதி வேண்டும்

ஆசிரியருக்கு,

அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் வழியாகச் செல்லும் பஸ்ஸில் அடிக்கடி பயணம் செய்கிறேன். இன்றைய மாணவர்கள் செய்தியே படிப்பதில்லை என்பது அபாண்டம். பேட்டை தாண்டுவதற்குள் கைப்பேசியில் பத்துச் செய்திகளைப் பார்த்துவிடுகிறார்கள். எந்த நாளிதழில், என்றைக்கு வந்தது என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள்.

சென்ற மழையின்போது ஒரு மாணவி, குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி சூழ்ந்த படத்தைக் காட்டிப் பதறினார். அது 2023 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்தது. அவரை எப்படிக் குறை சொல்வது? ஆற்றங்கரை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாராம். அதே கைப்பேசியில், நாளிதழ் ஒன்றின் இணையப் பதிப்பில் அன்றைய அணை நிலவரத்தைத் தேடிக் காட்டினேன். தாமிரபரணியின் பாபநாசம் அணையில் நீர்மட்டம், முழு அளவான 143 அடிக்கு வெகு கீழே இருந்தது. அதன் பிறகே அவர் முகம் தெளிந்தது.

பலமுறை கைமாறிய தகவலுக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இடுகிறது. அதன் பொருள் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. படத்தைத் தனியே வெட்டிப் பகிரும்போது செய்தியின் தேதியும் உதிர்ந்துபோகிறது. ஆகவே உங்கள் இணையப் பதிப்பில் வெள்ளப் படங்களின் மீதே தேதியையும் ஊரையும் பொறித்து வெளியிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை